நடு அடுக்கு

இந்த நாற்காலி பரவாயில்லை, சார். ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக முதுகுச் சாய்வில்லாத முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சாய்ந்து உட்காரும் பழக்கமே விட்டுப்போயிற்று. நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் வேகமாகப் பேசுகிறவள் இல்லை.

முதலில் கையுறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. உங்கள் மேசைமேல் பையில் கட்டி வைத்திருக்கிறீர்களே, அதுதான் நாங்கள் செய்வது. பார்வைக்கு ஒன்றுமில்லை. குழந்தைகள் காகிதத்தில் கையை வைத்துச் சுற்றி வரைந்து வெட்டுவார்களே, அப்படித் தட்டையாக இருக்கும். ஒரே பிளாஸ்டிக் தாள் மாதிரி தெரிவது உண்மையில் ஐந்து அடுக்கு. வெளிப்பக்கம் இரண்டும் பாலித்தீன். நடுவில் இருப்பது வேறு பிளாஸ்டிக். எண்ணெய், கரைப்பான், ஆவி இதையெல்லாம் தடுப்பது அந்த நடு அடுக்குதான். பாலித்தீனுக்கும் அதற்கும் ஒட்டாது. சம்பந்தி வீடுகள் மாதிரி, பக்கத்தில் உட்கார வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் இரண்டு பக்கமும் ஒரு ஒட்டு அடுக்கை வைத்து, சமாதானம் பேசிச் சேர்த்துவைப்போம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் இதைச் சொல்வேன். சிரிப்பார்கள். மறக்க மாட்டார்கள்.

ஐந்தும் சேர்ந்து ஒரு தலைமுடி கனம். நடு அடுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. அது இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கனம் அளக்கும் கருவியும் மொத்தக் கனத்தைத்தான் சொல்லும்.

ஓட்டை இல்லாவிட்டால் உள்ளே எதுவும் வராது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. சில திரவங்கள் பாலித்தீனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, சுவரில் ஈரம் ஏறுகிற மாதிரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஓட்டை இருக்காது. நனைந்த மாதிரியும் இருக்காது. போட்டிருக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. அது தெரியவேண்டியது எனக்கு. அதற்காகத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாள் உற்பத்தியிலிருந்தும் ஒரு வட்டம் வெட்டி, இரண்டு கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் இறுக்குவேன். ஒரு பக்கம் திரவம், மறுபக்கம் சுத்தமான காற்று. அந்தக் காற்றைக் கருவி மோந்துகொண்டே இருக்கும். எட்டு மணி நேரம் ஒன்றும் வரவில்லை என்றால், நானூற்று எண்பது நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்து பெட்டியின் மேல் ஸ்டிக்கராகப் போகும்.

மூலப்பொருளை உலர்த்தும் ட்ரையர் கெட்டது ஒரு திங்கட்கிழமை. நடு அடுக்குக்கான பிளாஸ்டிக் மணிகளாக மூட்டையில் வரும். உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் கசியுமே, அந்த ஜாதி. காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உலர்த்தாமல் உருக்கினால் தாள் முழுக்கக் குமிழி, சல்லடை மாதிரி கிழிந்து வரும். அன்றைக்கு மட்டும் லைன் இரண்டு முறை நின்றது. மத்தியானம் மேனேஜர் என் அறைக்கு வந்தார். அவரைப் பற்றித் தவறாக எழுதிவிடாதீர்கள். நல்ல மனிதர்தான்.

"மேடம், பார்ட் வர ரெண்டு வாரம் ஆகுமாம். ஆர்டர் எல்லாம் தலைக்கு மேல நிக்குது. லைனை நிறுத்தினா ரெண்டு ஷிப்டையும் வீட்டுக்கு அனுப்பணும்" என்றார்.

அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அதற்கு மூன்று வருடம் பின்னால் போகவேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை நான் லைனை நிறுத்தினேன். விரல் ஓரத்து ஒட்டு பலமில்லை என்று கருவி சொன்னது. ஒரு வார உற்பத்தியைத் திருப்பி அனுப்பினேன். இருபத்தெட்டு பேர் பத்து நாள் வீட்டில் உட்கார்ந்தார்கள். பிறகு பார்த்தால் ஒட்டு சரியாகத்தான் இருந்தது, கருவிதான் தப்பு. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாப்பாட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் மெதுவாகக் காலியாகும். ஒரு ஆபரேட்டரின் மனைவி ஒரு நாள் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "உங்க முகத்தைப் பார்க்கணும்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறு மாதம் நான் தனியாகச் சாப்பிட்டேன். சரியானதைச் செய்தும் இப்படி ஆகும் என்றால் மனுஷி என்னதான் செய்வாள், சொல்லுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை மேனேஜர் கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "நான் எதுவும் சொல்லல மேடம். நீங்க பார்த்துக்கோங்க" என்றார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த இரண்டு வாரமும் நான் மத்தளமாகத்தான் இருந்தேன்.

என் முதல் வாக்குமூலத்தில், நடு அடுக்கைத் தள்ளும் இயந்திரத்தை ஆபரேட்டர்தான் நிறுத்தினார் என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நிறுத்திய கை அவருடையது. எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். மாமா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்ன பண்றது மேடம்?" என்று மட்டும்தான் கேட்டார்.

"நடுவுல இருக்கறதை நிறுத்திடுங்க. வெளிப்பக்கம் ரெண்டையும் கொஞ்சம் ஏத்துங்க. மொத்தக் கனம் மாறக் கூடாது" என்று சொன்னது நான்.

அவர் நகரவில்லை. "அப்புறம் அது வெறும் கடைக் கவர் மாதிரி ஆயிடாதா, மேடம்?"

"சோதிக்கப் போறது நான்தானே மாமா."

அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. ஆமாம் இல்ல, நீங்க பார்த்துப்பீங்க என்று சொல்லிக்கொண்டு போனார். தப்பாக வந்தால் நான் பிடித்துவிடுவேன் என்று நம்பினார். அவரை விட்டுவிடுங்கள். அவருக்கு முழங்கால் வலி வேறு.

பதினோரு நாள் அப்படி ஓடியது. பதினோரு தடவை நானூற்று எண்பது என்று எழுதினேன். சோதனை செய்யாமல் எழுதினேனா என்று கேட்டீர்கள். பத்து நாள் செய்யவில்லை. இரண்டாவது நாள் மட்டும் செய்தேன். ஆர்வம்தான், வேறொன்றுமில்லை. குடுவையை இறுக்கி, திரவத்தை ஊற்றிவிட்டு, ஒரு டீ குடிக்கலாம் என்று எழுந்தேன். டீ முடிவதற்குள் கருவி கத்த ஆரம்பித்துவிட்டது. பதின்மூன்று நிமிடம். கருவியை நிறுத்தினேன். குடுவைகளைக் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். பிறகு உட்கார்ந்து நானூற்று எண்பது என்று எழுதினேன். கையெழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை, நீங்களே பாருங்கள்.

கையுறை போட்டவர்கள் எல்லோரும் எட்டு மணி நேரம் திரவத்துக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பாதிப் பேர் தூசிக்குப் போடுகிறார்கள், பாதிப் பேர் சோப்புத் தண்ணீருக்குப் போடுகிறார்கள். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டேன். நினைக்க வேண்டியிருந்தது.

இப்போது என் தம்பி. அவன் தொட்டி கழுவும் குழுவில் இருக்கிறான். ரசாயனத் தொட்டிகள் காலியானதும் உள்ளே இறங்கி, அடியில் தங்கியதை வழித்தெடுத்துச் சுத்தம் செய்கிற வேலை. மூன்று பேர். இவன், இவனோடு ஒருவன் ரொம்ப உயரம், அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்னொருவர் கொஞ்சம் வயதானவர், வேலை செய்யும்போது பாடிக்கொண்டே இருப்பார், அதனால் பாட்டுக்காரர். தொட்டிக்குள் பாடினால் குரல் எதிரொலித்துப் பெரிய கச்சேரி மாதிரி கேட்குமாம். தம்பி சொல்லியிருக்கிறான். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். எங்கள் கையுறையை வாங்குகிற நிறுவனம், தெரிந்தவர்கள், ஒரு வார்த்தை சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் குழாயைச் சரிபண்ண வந்தான். குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "புது கிளவுஸ் பெட்டி வந்திருக்குக்கா. உன் கையெழுத்து ஸ்டிக்கர் இருந்துச்சு. பசங்ககிட்ட காட்டினேன். எங்க அக்கா சோதிச்சது, கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்னு சொன்னேன்."

"எப்போ போடப் போறீங்க?"

"செவ்வாய்க்கிழமை. சாயம் பண்ற கம்பெனித் தொட்டி. ஒரே நாள் வேலை. அடியில எண்ணெய் மாதிரி கெட்டியா நிக்குது, கையாலதான் வழிக்கணும்."

திரவத்தின் பெயரைக் கேட்டேன். சொன்னான். எனக்கு அது தெரியும். தோல் வழியாக ரத்தத்துக்குள் போய், ரத்தத்தை மூச்சு சுமக்க விடாமல் செய்துவிடும். உதடும் நகமும் நீலமாகும். பாதுகாப்புச் சுவரொட்டியே எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒட்டியிருக்கிறது. அன்றைக்குக் குழாய் சரியாகிவிட்டது. இன்றுவரை சொட்டவில்லை.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். திங்கட்கிழமை ஆய்வுக்கூட அலமாரியிலிருந்து, ட்ரையர் கெடுவதற்கு முந்தைய உற்பத்தியில் ஒரு ஜோடியை எடுத்தேன். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன்.

"நாளைக்கு நீ இதைப் போட்டுக்கோ. பெட்டியில இருக்கறது உன் கைக்குச் சின்னது."

"எல்லாம் ஒரே சைஸ்தானேக்கா."

"சொன்னதைக் கேளு."

"சரிங்க மகாராணி" என்று சலாம் போட்டான். அவன் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு என் போன் அடித்தது. தொட்டிக்கு மேலே நின்றுகொண்டு பேசினான்.

"அக்கா, கொக்கு ஒண்ணு கேக்கறான். அவங்களோடது மெத்துன்னு இருக்கு. நீ குடுத்தது மட்டும் மொடமொடன்னு சத்தம் போடுது. ஏன்னு கேக்கறான்."

விறைப்பைக் கொடுப்பது நடு அடுக்கு. மெத்தென்று இருந்தது, அது இல்லாததால். கொக்கு கெட்டிக்காரன். இருபத்திரண்டு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் கேட்காத கேள்வி அது.

"புதுசு அப்படித்தான்" என்றேன். "மெத்துன்னு இருந்தா வேலை செய்யச் சுலபம்."

தம்பி அதை அப்படியே திருப்பிச் சொல்வதும், கொக்கு பெரிதாகச் சிரிப்பதும் கேட்டது. "அப்ப உனக்குத்தான்டா பழசைத் தள்ளிவிட்டிருக்காங்க உங்க அக்கா" என்றான். பின்னால் பாட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். போன் கட்டானது. நான் என் வேலையைப் பார்த்தேன். அன்றைக்கு ட்ரையர் பார்ட் வந்து இறங்கியது. எல்லோருக்கும் நிம்மதி.

மூன்று மணிக்குக் கொக்குக்குத் தலைவலி. மூன்றரைக்குப் பாட்டுக்காரர் பாட்டை நிறுத்தினார். அதுதான் தம்பிக்கு முதலில் உறைத்ததாம், பாட்டு நின்றது. இரண்டு பேரையும் அவன்தான் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினான். நான் மருத்துவமனைக்குப் போனபோது ஐந்து மணி இருக்கும். நடைபாதையில் பாட்டுக்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க படிச்சவங்க. என்ன ஏதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன். எனக்குக் கேக்கவே தெரியல."

கேட்க வேண்டியிருக்கவில்லை. டாக்டரே வந்தார். தம்பியிடம், "மூச்சு வழியா போச்சா, தோல் வழியா போச்சா? கையில பட்டுதா?" என்று கேட்டார்.

"கையில பட வாய்ப்பே இல்ல சார். கிளவுஸ் போட்டிருந்தோம், ஒரு ஓட்டைகூட இல்ல. இவங்க என் அக்கா, இவங்களே சோதிச்சது" என்றான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஓட்டை இல்லை என்பது உண்மைதான்.

அதனால் அவர்கள் மூச்சுக்குப் போட்டிருந்த முகமூடியில்தான் கோளாறு என்று முடிவுசெய்து, அதைப் பிரித்துப் பார்க்கப் போனார்கள். அவர்கள் கைகளைச் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவவேண்டும் என்று மறுநாள் காலை ஒரு நர்ஸுக்குத்தான் தோன்றியது. அதற்குள் கொக்கு போய்விட்டான். பாட்டுக்காரர் ஐந்து நாள் இருந்தார். நான் தினமும் போனேன். அவர் மனைவிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அவர் துணிகளை என் வீட்டில் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னால் முடிந்ததைச் செய்தேன். கடைசி நாள் அவர் என்னைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் தூக்கினார். நகம் எல்லாம் கருநீலமாக இருந்தது. கும்பிட்டார் என்று நினைக்கிறேன்.

பாட்டுக்காரர் போய்ப் பத்து நாள் கழித்துத் தம்பி என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினான்.

"என் கை மட்டும் ஏன்க்கா நல்லா இருக்கு?"

"உன் உடம்பு வாகு."

"மூணு பேரும் ஒரே தொட்டியிலதான் நின்னோம். ஒரே முகமூடி. அவங்களைவிட நான்தான் அதிகமா வழிச்சேன். சாயங்காலம் வரைக்கும் நீ குடுத்தது சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. அவங்களோடது போடல."

நான் குழம்பு வைப்பதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே வந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

கேள்வியாகக் கேட்கவில்லை. அதனால் நான் உப்பைத் தேடினேன். அவன் அடுப்பை அணைத்தான், நான் தீய விட்டுவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ. பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினான். அங்கிருந்து நேராகத் தொட்டிக் கம்பெனிக்குப் போய், கழிவுப் பையில் கிடந்த மூன்று ஜோடியையும் எடுத்துவந்து உங்களிடம் கொடுத்திருக்கிறான். நீங்கள் அதை ஓரத்தில் வெட்டி, அயோடின் தடவிப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு ஜோடியில் மட்டும் நடு அடுக்கு நிறம் பிடித்துப் பழுப்புக் கோடாக வந்திருக்கும். மற்ற இரண்டில் வந்திருக்காது. அது சரியான சோதனை. நானும் அதைத்தான் செய்வேன்.

அவனுக்கு என்மேல் கோபம் இருக்கும். போகப்போகச் சரியாகிவிடும். அவன் உயிரோடு இருப்பதால்தானே கோபப்பட முடிகிறது. இதை அவனிடம் சொல்லுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் அவன் மனைவிக்காவது புரியும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவளும் சிரித்தாளே.

இன்னொன்று. அந்தப் பதினோரு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டி வெளியே போயிருக்கிறது. எந்தெந்த இடத்துக்கு என்ற பட்டியல் என் மேசையில் இரண்டாவது இழுப்பறையில், நீலக் கோப்பில் இருக்கிறது. கொக்கு போன அன்றே எடுத்து வைத்தேன். மூன்று வாரமாக அங்கேதான் இருக்கிறது. யாராவது வந்து கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நேற்றும் நீங்கள் கேட்கவில்லை. ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நாலு இடம் சாயக் கம்பெனி. அவற்றை மட்டும் சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன், உங்களுக்குச் சிரமமில்லாமல் இருக்கட்டும் என்று.

அலமாரியில் நல்ல ஜோடிகள் எத்தனை இருந்தன என்று கேட்டீர்கள். முப்பத்து நாலு. ஆமாம், மூன்று பேருக்குப் போதும். பத்துத் தொட்டிக்கும் போதும். நான் ஒன்றுதான் எடுத்தேன். ஆய்வுக்கூடத்து விதி அப்படி. ஒரு ஜோடி என்றால் தேதி போட்டுச் சுருக்கொப்பம் போட்டால் முடிந்தது. அதற்கு மேல் எடுத்தால் என்ன காரணம் என்று பதிவேட்டில் எழுதவேண்டும். நானும் அன்றைக்கு அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் யோசித்தேன், சார். பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.